கடைசி வேனுக்கு முன்னால்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மூன்று சர்மிளா இருக்கிறோம். கடைக்காரர் மகள் கடை சர்மிளா. உயரமாக இருப்பவள் நெட்டை சர்மிளா. நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அதனால் ஆயம்மா சர்மிளா. மரியாதையான பேர்தான். போன வருசம் ஏப்ரல் மாதத்தோடு அது போய்விட்டது. அதன் பிறகு நான் வேன் சர்மிளா.

சீசன் நேரத்தில் நுவரெலியாவில் மரதன் ஓட்டம் நடக்கும். குதிரைப் பந்தயத் திடலில் தொடங்கி, வாவிக்கரையைச் சுற்றி, மலை ரோட்டில் இறங்கி எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்து, மறுபக்கத்தால் மரக்கறித் தோட்டங்கள் வழியே டவுனுக்கு ஏறி வர வேண்டும். கொழும்புக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் "என்ன ஒரு காட்சி, என்ன ஒரு காற்று" என்று வாயைப் பிளந்துகொண்டு ஓடுவார்கள். பாதை எங்கள் தோட்டத்தின் வழியே போகிறது என்பதால் தோட்டத்து ஆட்களுக்குச் சும்மாவே பேர் பதிந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரு வெள்ளை வேன் வரும். அது நம்மைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏற வேண்டியதுதான்.

போன வருசம் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஏற்றினார்கள். ஏற்றியதோடு விட்டார்களா? அந்த வேன் வாவிக்கரை முழுக்க, சீசனுக்கு வந்த சனத்துக்கும் எங்கள் லயத்துச் சனத்துக்கும் நடுவே ஊர்ந்து போனது. எங்கள் மாரியம்மன் தேர்கூட அவ்வளவு மெதுவாகப் போகாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையைப் பார்த்தே ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்.

"வேன்ல போறதுக்கு எதுக்குடி சப்பாத்து?" என்று அவள் போட்ட சத்தம் திடல் வரைக்கும் கேட்டது.

அவள்தான் சண்முகவடிவு, என் ஓரகத்தி. என் புருசன் யோகேஸ்வரனின் அண்ணன் சம்சாரம். நான் அக்கா என்று கூப்பிட வேண்டும், கூப்பிடுவேன். பக்கத்துக் காம்பராவில்தான் இருக்கிறாள். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது என்பதால் அவள் வீட்டுத் தாளிப்பு எனக்கும், என் வீட்டுச் சண்டை அவளுக்கும் ஒரு சொட்டுக் குறையாமல் வந்துசேரும். கொழுந்தெடுப்பதில் அவள் கையை மிஞ்ச ஆள் இல்லை. வாயையும்தான். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அத்தனை பேருக்கும் அவள் அந்தப் பேரைப் பிரசாதம் மாதிரி பங்கு வைத்தாள்.

பெரியவர்கள் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்காம்பராவில் மூன்று வயது வாண்டு ஒன்று என் சேலையை இழுத்து, "வேன் ஆன்ட்டி, எனக்கு மூக்கு வடியுது" என்றது. அதற்கு என்ன தெரியும்? வீட்டில் சொல்வதைச் சொல்கிறது. மூக்கைத் துடைத்துவிட்டேன். ஆனால் நெஞ்சு எரிந்தது. இவ்வளவு பிள்ளைகளுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்கு நடக்கத் தெரியாத மாதிரி ஒரு பேரா?

இந்த வருசம் மறுபடி பேர் கொடுத்தேன். மெடல் ஒரு பக்கம் இருக்கட்டும், வேனுக்கு முன்னால் என் சொந்தக் காலில் திடலுக்குள் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். விசயம் சுவருக்கு அந்தப் பக்கம் போனது.

"மறுபடியும் வேன் பயணமா?" என்று சுவர் கேட்டது.

"வாய் ஓடினா பத்தாதுக்கா. முடிஞ்சா கால் ஓடிக் காட்டுங்க" என்றேன்.

"ஓடிட்டாப் போச்சு! தெனமும் மலையேறி எறங்குறவளுக்கு இது ஒரு ஓட்டமா?" என்றாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர் இருக்கிறோம். அடுத்த நாளே அவளும் பேர் கொடுத்துவிட்டாள். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய நல்ல குளிர். வாவியின் மேல் பனி இறங்கியிருந்தது. நான் என் புருசனின் சிவப்புப் பந்தாட்டப் பெனியனைப் போட்டிருந்தேன். வடிவு அக்கா புதுச் சப்பாத்தோடு, பொட்டு, பூ எல்லாம் வைத்துக் கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி வந்து நின்றாள். லயத்துச் சனம் மொத்தமும் லொறியில் ஏறித் திடலுக்கு வந்துவிட்டது, நாங்கள் வந்துசேருவதைப் பார்க்க. அதாவது, யார் வேனில் வருகிறாள் என்று பார்க்க.

"தங்கச்சி, இந்த வருசமும் வந்தாச்சா?" என்று பக்கத்தில் ஒரு குரல். ஹலீம் நானா. ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். சுகர் இருக்கிறது, ஓடு என்று டாக்டர் சொன்னதால் ஓடுகிறார். போன வருசம் வேனில் எனக்கு அடுத்த சீட்டு.

"நானா, இந்தத் தடவ அந்தப் பக்கமே திரும்பிப் பாக்கக் கூடாது" என்றேன்.

"இன்ஷா அல்லாஹ். நீங்க இந்தத் தோட்டத்து ஆளு. நீங்க போற வழியில நான் பின்னாலயே வாறேன்" என்றார். பாவம், அந்த மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வெடி போட்டதும் வடிவு அக்கா பாய்ந்தாள் பாருங்கள்! வாவிக்கரை முடிவதற்குள் கண்ணுக்கே தெரியவில்லை. நான் அவசரப்படவில்லை. பன்னிரண்டு குழந்தைகளை ஒரே நேரத்தில் தூங்க வைக்கிறவளுக்குப் பொறுமை தெரியாதா? வீடுகள் முடிந்து மலை ரோடு வந்தது. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே வெயில் எட்டிப் பார்த்தது. கீழே பச்சை பச்சையாகத் தேயிலை. தினம் பார்க்கிற மலைதான். ஆனால் இடுப்பில் பிள்ளை இல்லாமல் பார்க்கும்போது அது வேறு மலையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், சந்தோசமாக இருந்தது. ரோட்டோரத்தில் ஒருத்தி சப்பாத்தைக் கழற்றி உள்ளே ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடிவு அக்காதான். புதுச் சப்பாத்து கடித்துவிட்டது. நான் ஒன்றும் பேசாமல் தாண்டினேன். பேசாமல் தாண்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் தோட்டத்து எல்லை வந்தது. எனக்கு முன்னால் மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்துவிட வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொண்டு ஓடினேன். மனம் முழுக்க அந்த மஞ்சள் சட்டைதான். கால் அது பாட்டுக்குப் போனது.

அங்கேதான் வினை. எங்கள் தோட்டத்தில் ரோடு என்பது லொறிக்குப் போட்டது. வளைந்து வளைந்து, முடக்கு முடக்காக, மெதுவாக இறங்கும். மனுசர் யாரும் அதில் நடப்பதில்லை. முடக்குக்கு முடக்கு தேயிலைக்குள்ளால் ஒரு குறுக்குப் பாதை இருக்கும். கல்லும் படியுமாக நேரே கீழே விழும். பிறந்ததிலிருந்து எங்கள் கால் அதில்தான் போகும். பிள்ளைக்காம்பராவுக்கு நான் தினமும் இறங்குவதும் அப்படி ஒரு குறுக்கில்தான்.

அந்த முடக்கு வந்ததும் என் கால் என்னைக் கேட்கவே இல்லை. சரேலென்று திரும்பித் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. ஒரு படி, ஒரு கல், ஒரு தாவல். பின்னால் "தட தட" என்று ஹலீம் நானாவும் வருகிறார். மூன்று முடக்கைத் தாண்டிக் கீழ் ரோட்டில் குதித்து நின்றபோது ரோடு காலியாக இருந்தது. மஞ்சள் சட்டைகளைக் காணோம். எங்கே போனார்கள் என்று திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால், தூரத்து முடக்கில் வந்துகொண்டிருக்கிறார்கள்!

"மாஷா அல்லாஹ், நாம என்னா வேகம் தங்கச்சி!" என்றார் நானா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"வேகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நானா, நாம குறுக்கால வந்துட்டோம்!"

அவர் மேலே பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மதகுச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தார். "சரி, வந்தா வந்ததுதானே. யாரு கண்டா? போவோம்."

சுற்றிலும் யாரும் தெரியவில்லை என்பது உண்மைதான். லயம் காலி. முடக்கில் நிற்க வேண்டிய தொண்டர்களையும் காணோம். இப்படியே போனால் வேன் எனக்கு எவ்வளவோ பின்னால். நடந்து போனால்கூடத் திடலுக்குப் போய்விடலாம். ஒரு வருசமாகக் கேட்ட பேர் இன்றோடு ஒழியும். காலை இரண்டடி முன்னால் வைத்தும் விட்டேன்.

மூன்றாவது அடி வரவில்லை. வேனில் போனாலும் நான் ஓடவில்லை, குறுக்கில் போனாலும் நான் ஓடவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு அந்த வாண்டுகளிடம் "ஆன்ட்டி ஓடி முடிச்சேன்" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது? கால்மேலா?

"நானா, நான் திரும்பி ஏறப் போறேன். எறங்குன எடத்துல இருந்து ரோட்டால வர்றேன்."

"ஏறுறதா? இந்தக் குத்து மலையையா? தங்கச்சி, டாக்டர் என்னய ஓடத்தான் சொன்னாரு, மௌத்தாப் போகச் சொல்லல" என்று அவர் நம்பரைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். தோட்டத்துக்குள்ளாலேயே மறுபக்கத்து மெயின் ரோட்டுக்கு இறங்கி ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. நல்ல மனுசர். நேர்மையாகத் தோற்றார்.

நான் ஏறினேன். இறங்கும்போது பூவாக இருந்த படி ஏறும்போது மலையாக நின்றது. தேயிலைக் கிளை கையைக் கீறியது. என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு ஏறினேன். மேலே பாதையின் வாசலுக்கு வரும்போது ஒரு கால் என் முகத்துக்கு நேரே இறங்கியது. புதுச் சப்பாத்து போட்ட கால். மற்றச் சப்பாத்து கையில் இருந்தது.

"நகருடி" என்றாள் வடிவு அக்கா.

"எங்கக்கா போறீங்க?"

"கண்ணு தெரியலையா? கீழ போறேன். நீ மட்டும் போயிட்டு வர்ற?"

"நான் தெரியாம எறங்கிட்டேன். கால் பழக்கம். அதான் திரும்பி வர்றேன்ல!"

"எனக்கும் கால் பழக்கந்தான்!"

"நின்னு, ரெண்டு பக்கமும் பாத்து, யாரும் இல்லேன்னு தெரிஞ்சு எறங்குறது பழக்கமில்லக்கா, களவு!" என்று குறுக்கே கையை விரித்து நின்றேன். இரண்டு பேரும் தேயிலைக்குள் நின்று கத்துகிறோம். ஒரு கொக்கு பயந்து பறந்தது.

அப்போது மேல் முடக்குக்கு அப்பால் இயந்திரச் சத்தம் கேட்டது. வேன். இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பேன். வடிவு அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பொட்டு வியர்வையில் மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது.

"சர்மி, அந்த வேன்ல நான் ஏற மாட்டேன்டி" என்றாள். குரலே மாறிவிட்டது. "செத்தாலும் ஏற மாட்டேன். அத்தன பேரும் அங்க நிக்கிறாங்க."

பேர் வைத்தவளுக்கே அந்தப் பேர்மேல் இவ்வளவு பயம். நான் சிரித்திருக்கலாம். "ஏறுங்கக்கா, நல்லா காத்து வரும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. வேனுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் எதிரிக்குக்கூட அது வேண்டாம். இவள் எதிரியைவிட நெருக்கம், பக்கத்துக் காம்பரா.

"ஏற வேணாம்னா ஓடுங்க! அந்தச் சப்பாத்தத் தூக்கிப் போட்டுட்டு ஓடுங்க! வெறுங்கால்ல மலையேறுன ஆளுதானே நீங்க!" என்று கத்தினேன்.

போட்டாளா? மாட்டாள். புதுச் சப்பாத்து. இரண்டையும் கயிற்றில் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ரோட்டிலேயே, மூன்று முடக்கையும் சுற்றி. நான் பக்கத்தில் ஓடினேன்.

பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொல்வதா, சண்டை என்று சொல்வதா? ஓடிக்கொண்டே ஆரம்பித்தோம். தண்ணீர்ப் பீலியில் யார் முதலில் குடம் வைத்தது, என் கோழி அவள் மல்லிப் பாத்தியைக் கிளறியது, சின்ன நாத்தனார் கலியாணத்தில் எனக்குக் கொடுத்த சேலையின் நிறம், எல்லாம் வந்தது. லீக்ஸ் தோட்டம் போனது தெரியவில்லை, கரட் தோட்டம் போனது தெரியவில்லை. மேட்டு ரோட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், நாங்கள் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்திக்கொள்கிறோம் என்று நினைத்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். "தேங்க்யூ" என்று சிரித்துவிட்டு, "அந்தச் சேலையக் கடைக்காரனே சும்மா குடுத்திருப்பான்" என்று நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

கோபம் ஒரு நல்ல சாப்பாடு. அதைத் தின்றே இரண்டு பேரும் டவுனுக்கு ஏறிவிட்டோம். வாவி தெரிந்தது, திடல் தெரிந்தது. வேன் பின்னால் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பின்னால்தான். ஓட்டம் முடியும் இடத்தில் கட்டியிருந்த வளைவுக்குள் நுழையும்போது மூச்சு முட்டி இரண்டு பேருமே பேச்சை நிறுத்தியிருந்தோம். லயத்துச் சனம் விசிலடித்தது. ஒரு பிள்ளை என் கழுத்தில் மெடலைப் போட வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமென்ன, நன்றாகவே அழுதேன்.

அழுது முடிப்பதற்குள் ஓர் அதிகாரி வந்து மெடல் கொடுத்த பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தினார். கையில் ஒரு போன். "நங்கி, மே ஒயாத?" இது நீங்களா என்று கேட்டார்.

கொழும்பிலிருந்து ஓட வந்த ஓர் இளைஞன், மேல் ரோட்டிலிருந்து காட்சியைப் படம் பிடித்திருக்கிறான். பனி, தேயிலை, நீல வானம். நடுவில் ஒரு சிவப்புப் பெனியன் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் மறைந்து, சரேலென்று கீழ் ரோட்டில் குதிக்கிறது. வேடிக்கையாக இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். நான் குதித்ததோடு படம் முடிகிறது.

"நான்தான்" என்றேன். "ஆனா திரும்பி ஏறிட்டேன். அதே எடத்துக்குப் போயி ரோட்டாலதான் வந்தேன்."

தொண்டராக நின்ற கிருஷாந்தி என்ற பெண் அதைச் சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி கெட்டவர் இல்லை. யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். நான் யாரைக் காட்டுவது? ஹலீம் நானா ஹட்டன் பஸ்ஸில். கூட்டத்தில் ஒருவன், "வேன் போயி இப்பக் குறுக்கா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் புருசன் மட்டும் சிரிக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இந்தச் சிரிப்பை இன்னும் ஒரு வருசம் கேட்க வேண்டும்.

"எயா ஆபஹு நெக்கா. மம தெக்கா."

அவள் திரும்பி ஏறினாள், நான் பார்த்தேன். வடிவு அக்காவின் குரல். அவள் கழுத்தில் சப்பாத்துக்கு மேலே மெடல் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் போத்தலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

அதிகாரி கிருஷாந்தியிடம் ஏதோ கேட்டார். "அக்கா, ரோட்டுல நின்னா அந்தப் பாதை தெரியாதாம், தேயிலை மறைக்குமாம். நீங்க எங்க நின்னு பாத்தீங்கன்னு கேக்குறார்."

பெரட்டுக் களத்துச் சனம் மொத்தமும் அங்கே நின்றது. வடிவு அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அல்லது தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மெடல் அவள் கழுத்தில்.

"பாதைக்குள்ள நின்னு பாத்தேன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நானும் குறுக்கால எறங்கத்தான் போனேன். தெரிஞ்சே போனேன். கால வச்சுட்டேன். இவதான் கீழேருந்து ஏறி வந்து, கைய விரிச்சுகிட்டு என்னைய மறிச்சா. இவ ஒரு முடக்குகூட விடல. வேணும்னா என் மெடலக் கழட்டி வாங்கிக்கங்க. இவளுக்குப் போடுங்க."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கையின் கீறலைப் பார்த்தார். பிறகு பிள்ளையிடமிருந்து மெடலை வாங்கித் தானே என் கழுத்தில் போட்டார். வடிவு அக்காவின் மெடலை அவர் கேட்கவில்லை. அவள் கீழே இறங்கவில்லையே. கூட்டம் கை தட்டியது. தட்டி முடித்த கையோடு, "அப்ப இனி குறுக்கு வடிவு!" என்று அதே பயல் கத்தினான். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் தண்ணீரைக் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் வீரய்யா கங்காணி சிரித்துக்கொண்டே, "என்ன குறுக்கு வடிவு, இன்னைக்கு எந்த மலைக்கு?" என்று ஆரம்பித்தார். நான் பிள்ளைக்காம்பரா சாவியோடு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். நின்றுவிட்டேன்.

"அண்ணே, அக்கா பேரு சண்முகவடிவு. முழுசாக் கூப்பிட வாய் வலிச்சா, கூப்பிடாம இருங்க" என்றேன். வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

"எனக்காக ஒன்னும் நீ பேச வேணாம்டி, எனக்கு வாயில்லையா?" என்று அவள் என்மேல் பாய்ந்தாள். நான் விடுவேனா? கோழியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். பேசட்டும். ஊரே கூடி நின்ற இடத்தில் எனக்காகத் தன் மானத்தை அவிழ்த்து வைத்தவள். அவளோடு சண்டை போட நான் ஒருத்தி இருக்கிறேன். மற்றவர் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன்.